லைட் பில்லைத் தவணையில் அடைத்த கணக்கு



கடை வாடகை ஒரு நாள் பிந்தினால் எமக்குத் தூக்கம் வராது. புறக்கோட்டை மொத்த வியாபாரிக்குக் கொடுத்த காசோலையின் திகதி நெருங்கினால் சாப்பாடு இறங்காது. ஆனால் வீட்டு லைட் பில் மட்டும் சுவர்க் கலண்டருக்குப் பின்னால் செருகப்பட்டு மாதக்கணக்கில் கிடக்கும். "அது வீட்டு விசயம்தானே, பிறகு பார்ப்போம்" என்று சொல்லிவிடுவோம். நானும் அப்படிச் சொன்னவன்தான். அப்படிச் சொன்னதால் என் வீட்டில் கரண்ட் வெட்டப்பட்டது. முப்பது வருடமாகக் கடை நடத்துகின்ற எனக்கு, ஒரு நிலுவையைத் தவணையில் எப்படிக் கட்ட வேண்டும் என்ற சின்னக் கணக்கு தெரியாமல் போனது எப்படி என்பதை இந்த வாரம் எழுதுகிறேன். எழுத வெட்கமாகத்தான் இருக்கிறது. ஆனாலும் இதே நிலையில் இருக்கும் எத்தனையோ பேர் வெட்கத்தினாலேயே வாய் திறக்காமல் இருப்பதை நான் அறிவேன். அவர்களுக்காகவே இதனை எழுதுகிறேன்.

நிலுவை எப்படிச் சேர்ந்தது?

2022 ஆகஸ்ட் மாதத்தில், ஒன்பது வருடங்களுக்குப் பின்னர், மின் கட்டணம் சராசரியாக 75 வீதம் உயர்த்தப்பட்டது. 2023 பெப்ரவரியில் மறுபடியும் சராசரியாக 66 வீதம் உயர்ந்தது. எனது வீட்டில் நாங்கள் ஐந்து பேர். மாதம் ஏறத்தாழ 240 அலகு பாவிப்போம். ஆகஸ்டுக்கு முன்னர் அதற்கு வந்த பில் 6,800 ரூபா அளவில் இருந்தது. ஆகஸ்டுக்குப் பின் 12,000 ரூபாவாகியது. பெப்ரவரிக்குப் பின் 15,000 ரூபாவாகியது. பாவனை அதே 240 அலகுதான்.

அந்தக் காலத்தில் கடையின் நிலைமை எப்படி இருந்தது என்பது உங்களுக்குத் தெரியும். 2022 செப்டெம்பரில் பணவீக்கம் 70 வீதத்தைத் தொட்டது. ஒரு மூடை சீனி விற்ற காசில் அடுத்த மூடை வாங்க முடியவில்லை. கடன் கொப்பி தடித்துக்கொண்டே போனது. மாத முடிவில் கையில் மிஞ்சுவதைப் பார்த்து லைட் பில்லுக்கு 6,000 ரூபா கட்டினேன். "கொஞ்சமாவது கட்டிக்கொண்டிருந்தால் வெட்டமாட்டார்கள்" என்று ஊரில் ஒரு பேச்சு உண்டு. அதை நம்பினேன்.

2022 நவம்பர் முதல் மூன்று மாதம் 12,000 ரூபா பில்லுக்கு 6,000 கட்டினேன். மிச்சம் 18,000. பெப்ரவரி முதல் ஐந்து மாதம் 15,000 ரூபா பில்லுக்கும் அதே 6,000 கட்டினேன். மிச்சம் 45,000. ஆக, 2023 ஜூன் முடிவில் நிலுவை 63,000 ரூபா. பில்லில் நிலுவை என்று தனியாக ஒரு வரி அச்சடித்து வருகிறது. எட்டு மாதமும் அந்த வரியை நான் பார்க்கவில்லை. பார்க்கவில்லை என்பதை விட, பார்க்க விரும்பவில்லை என்பதே உண்மை. சிவப்பு அறிவித்தல் வந்தபோதும் அதை மடித்துக் கடையில் கடன் கொப்பிக்குள் வைத்தேன். மனைவிக்குச் சொல்லவில்லை.

முதல் இணக்கமும் அதன் பிழையும்

ஜூலையில் துணிவை வரவழைத்துக்கொண்டு மின்சாரக் கந்தோருக்குப் போனேன். நான் பயந்ததைப் போல அங்கு யாரும் ஏசவில்லை. தவணை கேட்டு வந்தவர்கள் வரிசையாக நின்றார்கள். 2023ஆம் ஆண்டில் மட்டும் நாடு முழுவதும் பத்து இலட்சத்துக்கும் அதிகமான மின் துண்டிப்புகள் நடந்ததாகப் பின்னர் செய்திகளில் வாசித்தோம். எனவே அந்த வரிசையில் நான் ஒரு புதினமானவன் அல்ல.

மேசையில் இருந்த உத்தியோகத்தர் கேட்டது ஒரேயொரு கேள்விதான்: "முதலாளி, மாதம் எவ்வளவு கட்ட முடியும்?"

எனக்குப் பின்னால் எங்கள் ஊரவர் இருவர் நின்றார்கள். ஒருவர் என் கடையில் சாமான் வாங்குகிறவர். அவர் காதில் விழும்படி ஒரு சிறிய தொகையைச் சொல்ல என் நாக்கு எழவில்லை. "மூன்று மாதத்தில் முடித்துத் தருகிறேன்" என்றேன். மூன்றில் ஒரு பங்கான 21,000 ரூபாவை உடனே கட்டுவது, மீதி 42,000 ரூபாவை மாதம் 14,000 வீதம் மூன்று தவணையில் கட்டுவது என்று இணங்கிக் கையெழுத்திட்டேன்.

அந்த 21,000 ரூபாவை எங்கிருந்து எடுத்தேன்? மொத்த வியாபாரிக்குக் கொடுத்த காசோலைக்காக வங்கியில் வைத்திருந்த காசிலிருந்து எடுத்தேன். நான்கு நாளில் விற்று நிரப்பிவிடலாம் என்று நினைத்தேன். முடியவில்லை. காசோலை திரும்பியது. பதினைந்து வருடமாக எனக்கு 30 நாள் தவணையில் சாமான் தந்த மனிதர், "இனிக் காசுக்குத்தான் தரலாம், நானா" என்றார். காசுக்கு வாங்கத் தொடங்கியதும் பத்து மூடை எடுத்த இடத்தில் நான்கு மூடைதான் எடுக்க முடிந்தது. கடையில் தட்டுகள் வெறுமையாகின. வெறும் தட்டைப் பார்த்த வாடிக்கையாளர் அடுத்த கடைக்குப் போனார். லைட் பில்லைக் கட்ட நான் எடுத்தது காசு அல்ல, கடையின் முதல். இதுதான் எனது முதல் பிழை.

இரண்டாவது பிழை தவணைக் கணக்கில் இருந்தது. மாதம் 14,000 என்று சொன்னேனே தவிர, அந்தந்த மாதத்துப் பில்லும் அதனுடன் சேர்ந்து வரும் என்பதை யோசிக்கவில்லை. ஜூலையில் கட்டணம் சற்றுக் குறைக்கப்பட்டிருந்தது. அப்படியிருந்தும் எனக்கு மாதப் பில் 14,000 அளவில் வந்தது. ஆக, நான் உண்மையில் கட்ட வேண்டியது மாதம் 28,000 ரூபா. எட்டு மாதமாக 6,000 ரூபாவுக்கு மேல் கட்டாத மனிதன் 28,000 கட்டுவதாகக் கையெழுத்திட்டு வந்திருக்கிறேன்!

ஆகஸ்டில் எப்படியோ இரண்டையும் கட்டினேன். நிலுவை 28,000 ஆகக் குறைந்தது. செப்டெம்பரில் தவணை 14,000 மட்டும் கட்டினேன். அந்த மாதப் பில் நின்றது. ஒக்டோபரில் தவணையும் இல்லை, பில்லும் இல்லை. ஒக்டோபர் கடைசிக் கிழமையில் ஒரு நாள் பகல், நான் கடையில் இருந்த நேரம், வீட்டுக்கு வந்து கரண்டை வெட்டிவிட்டுப் போனார்கள்.

மகள் எழுதிக் காட்டிய கணக்கு

அன்றிரவு வீட்டுக்குப் போனால், மகள் ரீசார்ஜ் லாம்பை மேசையில் வைத்துப் படித்துக்கொண்டிருந்தாள். 2024 ஜனவரியில் அவளுக்கு உயர்தரப் பரீட்சை. வர்த்தகப் பிரிவு. லாம்பின் வெளிச்சம் மங்கிக்கொண்டு வந்தது. நான் ஒன்றும் பேசவில்லை. சிவப்பு அறிவித்தல் வந்ததையும், தவணை எழுதியதையும், காசோலை திரும்பியதையும் அன்றுதான் மனைவி ஒவ்வொன்றாகக் கேட்டு அறிந்துகொண்டாள். ஏசுவாள் என்று நினைத்தேன். அவள் கையிலிருந்த காப்பைக் கழற்றி மேசையில் வைத்தாள். "இத அடகு வெச்சு முடிச்சிட்டு வாங்க. புள்ள படிக்கணும்" என்றாள்.

அந்தக் காப்பை எடுத்திருந்தால் அடுத்த நாளே வெளிச்சம் வந்திருக்கும். ஆனால் அடகென்றால் வட்டி. வட்டியைப் பற்றி உங்களுக்கு நான் சொல்லத் தேவையில்லை. மார்க்க விசயத்தை ஒரு பக்கம் வைத்து வெறும் வியாபாரியாகப் பார்த்தாலும் அது பிழையான கணக்கு. ஏனென்றால் அடகு வைத்துப் பழைய நிலுவையை அடைத்தாலும் மாதப் பில் 240 அலகுக்கு அப்படியே வந்துகொண்டிருக்கும். ஓட்டைத் தொட்டியில் வேறு வீட்டுத் தண்ணீரை ஊற்றுவது போன்றது அது.

இதை எனக்கு விளக்கியது என் அறிவு அல்ல. மகள்தான் பில்களையும் பற்றுச்சீட்டுகளையும் கேட்டு வாங்கி, கணக்கீட்டுப் பாடக் கொப்பியில் மூன்று நிரல் போட்டு எழுதினாள். வந்த பில், கட்டிய காசு, மிச்ச நிலுவை. ஆகஸ்ட் முடிவில் நிலுவை 28,000. செப்டெம்பரில் 14,000 கட்டியும் நிலுவை அதே 28,000. ஒக்டோபர் முடிவில் 42,000.

"வாப்பா, ஜூலையில 21,000 கட்டின பிறகும் 42,000. இப்பவும் 42,000. நீங்க பழசக் கட்டக் கட்ட, புதுசு பழசாகுது" என்றாள்.

இந்தக் கட்டுரையில் நான் சொல்ல வந்த விசயம் முழுவதும் அந்த ஒரு வார்த்தைக்குள் இருக்கிறது. நிலுவையைத் தவணையில் கட்டும்போது முதலில் முழுதாகக் கட்ட வேண்டியது இந்த மாதத்துப் பில். அதற்கு மேல் எவ்வளவு கட்ட முடியுமோ அதுதான் தவணை. இந்த மாதத்துப் பில்லை விட்டுவிட்டுத் தவணையைக் கட்டினால் நீங்கள் ஒரு சதமும் கடன் அடைக்கவில்லை. கடனின் பெயரை மட்டும் மாற்றியிருக்கிறீர்கள்.

வீட்டு மீட்டரில் ஓடிய கடை

கரண்ட் இல்லாத அந்த இரண்டு நாளில் இன்னொரு விசயமும் வெளியே வந்தது. எனது வீட்டின் பின்புறத்தில் ஒரு டீப் பிரீசர் இருந்தது. கடையில் இடம் போதாததால் விற்பனைக்கான உறைந்த கோழியை அதில்தான் வைப்பேன். கரண்ட் போனதும் கோழியைத் தூக்கிக்கொண்டு அக்கம்பக்கத்து வீடுகளுக்கு ஓட வேண்டியதாயிற்று. அப்போதுதான் மகள் கேட்டாள், இந்தப் பிரீசர் எந்தக் கணக்கில் ஓடுகிறது என்று.

பதில் இல்லை. கோழி இலாபம் கடைக் கணக்கில் இருந்தது. பிரீசர் செலவு வீட்டுப் பில்லில் இருந்தது. எங்கள் நாட்டில் வீட்டு மின் கட்டணம் படிப்படியாக ஏறும் முறையில் கணக்கிடப்படுகிறது. பாவனை கூடக் கூட மேற்படியில் உள்ள ஒவ்வோர் அலகுக்கும் விலை கூடும். மாதாந்த நிலையான கட்டணமும் படிக்கு ஏற்ப உயரும். 2023 ஒக்டோபர் 20இல் கட்டணம் மறுபடி உயர்ந்தபோது 180 அலகுக்கு மேற்பட்ட ஒவ்வோர் அலகும் 89 ரூபாவாகியது. எனது பிரீசர் நாளொன்றுக்கு ஒன்றரை அலகு இழுக்கும். மாதம் 45 அலகு. நான் 180ஐத் தாண்டி நின்றதால் அந்த 45 அலகும் மேற்படி விலைக்குத்தான் போகிறது. 45ஐ 89ஆல் பெருக்கினால் 4,005 ரூபா. கோழியில் எனக்கு மாதம் மிஞ்சியது 3,500 ரூபா அளவில்தான். இலாபம் என்று நினைத்துச் செய்த வியாபாரத்தில் மாதம் 500 ரூபா நட்டம். அதைத் தவிர, வீட்டு இணைப்பில் கடை வியாபாரத்தை ஓட்டுவதும் முறையல்ல. இதையும் நான் அன்றுதான் எண்ணிப் பார்த்தேன்.

அடுத்த நாளே பிரீசரை 20,000 ரூபாவுக்கு விற்றேன்.

மற்றவை சின்னச் சின்ன விசயங்கள். மேல் தொட்டி நிரம்பி வழியும்வரை ஓடிய தண்ணீர் மோட்டரை நேரம் பார்த்து நிறுத்தினோம். தினமும் போட்ட அயனை வாரத்தில் இரண்டு நாளாக்கினோம். குளிர்சாதனப் பெட்டியின் கதவு ரப்பர் பிய்ந்திருந்தது, அதை மாற்றினோம். இவற்றால் இன்னும் 25 அலகு குறைந்தது. 240 அலகு 170 ஆகியது. புதிய கட்டணப்படி 240 அலகுக்கு 16,500 ரூபா அளவில் வந்திருக்க வேண்டிய பில், 170 அலகுக்கு 10,000 ரூபா அளவில் வந்தது. பாவனையில் குறைந்தது மூன்றில் ஒரு பங்குக்கும் குறைவு. பில்லில் குறைந்தது ஐந்தில் இரண்டு பங்கு. மேற்படியிலிருந்து இறங்கியதன் பலன் அது.

இரண்டாவது இணக்கம்

மறுபடி அதே கந்தோருக்குப் போனேன். இம்முறை மனைவியும் வந்தாள். கையில் மகள் எழுதிய கணக்கு இருந்தது. ஒரு கடிதமும் எழுதிக்கொண்டு போனேன். அதில் மீட்டர் இலக்கம், நிலுவைத் தொகை, முதல் இணக்கம் முறிந்த காரணம், இப்போது எவ்வளவு கட்ட முடியும் என்பது, எத்தனையாம் திகதி கட்டுவேன் என்பது எல்லாம் இருந்தன.

"மாதம் எவ்வளவு கட்ட முடியும்?" என்ற அதே கேள்வி வந்தது. "மாதப் பில்லை முழுதாகக் கட்டுகிறேன். அதற்கு மேல் 6,000 ரூபா" என்றேன். முதல் இணக்கத்தை முறித்தவன் என்பதால் உடனே சம்மதிக்கவில்லை. பெரிய உத்தியோகத்தரிடம் அனுப்பினார்கள். அவர் கடிதத்தை வாசித்து, பாவனையை எப்படிக் குறைத்தீர்கள் என்று கேட்டார். பிரீசர் கதையைச் சொன்னேன். சிரித்துவிட்டுக் கையெழுத்திட்டார். உடனே 6,000, மீதி 36,000 ரூபா ஆறு மாதத்தில் என்று முடிவாகியது. பிரீசர் விற்ற காசில் அந்த 6,000 ரூபாவையும் மீள இணைப்புக் கட்டணத்தையும் கட்டினேன். மிச்சத்தைக் கொண்டுபோய் மொத்த வியாபாரியின் கையில், திரும்பிய காசோலைக் கணக்கில் கொடுத்தேன். மிச்சத்தையும் லைட் பில்லுக்கே கட்டியிருக்கலாமே என்று நீங்கள் கேட்கலாம். லைட் பில்லுக்கு இப்போது தவணை கிடைத்துவிட்டது. மொத்த வியாபாரியிடம் இழந்த நம்பிக்கை திரும்பினால்தான் கடைத் தட்டு நிரம்பும். தட்டு நிரம்பினால்தான் தவணை கட்ட முடியும்.

இனி மாதம் கட்ட வேண்டியது பில் 10,000, தவணை 6,000, ஆக 16,000 ரூபா. கவனித்தீர்களா? பாவனையைக் குறைக்காமல் இருந்திருந்தால் பில் மட்டுமே 16,500 ரூபா. அதாவது, நாங்கள் மிச்சம் பிடித்த கரண்டே எங்கள் பழைய கடனை அடைத்தது.

ஆனால் 16,000 ரூபாவை மாத முடிவில் தேடினால் கிடைக்காது. எமது வருமானம் நாளுக்கு நாள் வருகிறது. பில்லோ மாதத்துக்கு ஒருமுறை வருகிறது. எனவே கல்லாப்பெட்டிக்குப் பக்கத்தில் ஒரு பழைய பிஸ்கட் டின் வைத்தேன். கடை திறக்கும் 26 நாளும், கடை பூட்டும்போது 620 ரூபா அதில் விழ வேண்டும். 26 நாளில் 16,120 ரூபா. நல்ல வியாபார நாளிலும் 620, மந்தமான நாளிலும் 620. மந்தமான நாளில் வீட்டுக்கு எடுக்கும் காசைக் குறைத்தேனே தவிர, டின்னில் போடும் காசைக் குறைக்கவில்லை.

மீட்டரைப் பார்க்கும் வேலை இளைய மகனுக்கு. ஒவ்வொரு வெள்ளிக்கிழமை காலையிலும் இலக்கத்தைக் குறித்துக் கலண்டரில் எழுதுவான். கிழமைக்கு 40 அலகைத் தாண்டினால் வீட்டில் எல்லோருக்கும் அறிவித்தல் வரும்.

நவம்பரில் தொடங்கினோம். ஜனவரியில் மகள் பரீட்சை எழுதினாள். மார்ச்சில் நோன்பு வந்தது. சஹர் நேரத்து வெளிச்சம், சமையல் எல்லாம் சேர்ந்து கிழமைக்கு 44 அலகு வரை ஏறியது. ஆனால் அதே மார்ச்சில் கட்டணம் சராசரியாக 21.9 வீதம் குறைக்கப்பட்டதால் பில் கூடவில்லை. பெருநாள் முடிந்து, 2024 ஏப்ரல் கடைசியில் ஆறாவது தவணையைக் கட்டினேன். அடுத்த பில் வந்தபோது மனைவி அதை வாங்கி முதலில் பார்த்தது நிலுவை வரியைத்தான். அல்ஹம்துலில்லாஹ், அங்கு பூச்சியம் இருந்தது. காப்பு அவள் கையிலேயே இருந்தது.

எனக்குக் கடன்பட்ட தம்பி

இந்தக் கதையில் இன்னொரு பகுதி உண்டு. எங்கள் ஊரில் த்ரீவீல் ஓட்டும் ஒரு தம்பி என் கடைக் கொப்பியில் 18,000 ரூபா கடன். 2023 நடுப்பகுதியில் அவன் வந்து, "நானா, கொஞ்சம் கொஞ்சமாகக் கட்டட்டுமா?" என்று கேட்டான். நாலு பேர் நிற்கும்போது, "முழுசா கட்டிப்போட்டு வா, அதுவரை சாமான் இல்லை" என்று சொல்லி அனுப்பினேன். அவன் அதற்குப் பிறகு என் கடை வாசலுக்கு வரவில்லை. தெருவில் கண்டாலும் வேறு பக்கம் பார்த்துக்கொண்டு போவான். 18,000 ரூபாவும் வரவில்லை, வாடிக்கையாளனும் இல்லை.

கந்தோர் மேசைக்கு முன்னால் இரண்டாவது தடவை நின்றபோது எனக்கு அவனுடைய முகம்தான் ஞாபகத்துக்கு வந்தது. கஷ்டத்தில் இருப்பவனுக்கு அவகாசம் கொடுக்கச் சொல்கின்ற மார்க்கம் நம்முடையது. நான் அறியாத உத்தியோகத்தர் ஒருவர் எனக்குத் தந்த அவகாசத்தை, எனக்குத் தெரிந்த பிள்ளைக்கு நான் கொடுக்கவில்லை.

அந்த வெள்ளிக்கிழமை பள்ளிவாசலில் அவனைத் தனியாகச் சந்தித்து, நடந்ததற்கு மன்னிப்புக் கேட்டேன். எனது லைட் பில் கதையையும் சொன்னேன். பிறகு இருவரும் ஓர் இணக்கத்துக்கு வந்தோம். இன்று வாங்கும் சாமானுக்கு இன்றே காசு. பழைய கடனுக்கு மாதம் 1,500 ரூபா. பன்னிரண்டு மாதம். கொப்பியில் எழுதி அவனும் கையெழுத்திட்டான், ஒரு பிரதியை அவனிடமும் கொடுத்தேன். இரண்டு மாதம் பிந்தினான், ஆனால் பிந்தும் முன்னரே வந்து சொன்னான். பதினான்காம் மாதம் கணக்கு முடிந்தது. இன்றுவரை என் கடையில்தான் சாமான் வாங்குகிறான். அந்த இணக்கத்தைக் கொப்பியில் உள்ள வேறு சிலருக்கும் செய்தேன். எல்லோரும் கட்டினார்கள் என்று சொல்லமாட்டேன். ஆனால் கட்டாமல் ஒளிந்து திரிந்தவர்களில் பாதிப்பேர் கட்டத் தொடங்கினார்கள்.

நினைவில் வைக்க வேண்டியவை

லைட் பில்லானாலும் தண்ணீர் பில்லானாலும், நிலுவை சேர்ந்துவிட்டால் செய்ய வேண்டியவற்றைச் சுருக்கமாகத் தருகிறேன்.

ஒன்று: பில்லில் உள்ள அலகையும் மீட்டரில் உள்ள இலக்கத்தையும் முதலில் ஒப்பிட்டுப் பாருங்கள். பிழை இருந்தால் தவணை கேட்பதற்கு முன் அதைச் சொல்லுங்கள். இணக்கத்தில் கையெழுத்திட்ட பிறகு சொல்வது கஷ்டம்.

இரண்டு: வெட்டுவதற்கு முன் போங்கள். தவணை என்பது எமது உரிமை அல்ல, கேட்டுப் பெறும் சலுகை. கரண்ட் இருக்கும்போது கேட்பவனுக்கும் வெட்டிய பிறகு கேட்பவனுக்கும் வித்தியாசம் உண்டு. வெட்டிய பிறகு மீள இணைக்கும் கட்டணமும் சேர்ந்துவிடும்.

மூன்று: தொகையை வீட்டில் இருந்து முடிவு செய்துகொண்டு போங்கள். மேசைக்கு முன்னால் நின்று முடிவு செய்தால் அதை வெட்கம்தான் முடிவு செய்யும். உங்களுடைய நல்ல மாதத்தைப் பார்த்து அல்ல, மிக மோசமான மாதத்தைப் பார்த்துத் தொகையைச் சொல்லுங்கள். மூன்று மாதத்தில் முறிகின்ற பெரிய வாக்கை விட ஆறு மாதம் நிற்கின்ற சிறிய வாக்கு மேலானது.

நான்கு: மாதப் பில் முழுதாக, அதற்கு மேல் தவணை. இந்த ஒழுங்கை மாற்ற வேண்டாம்.

ஐந்து: பாவனையைக் குறைக்காமல் தவணை எழுத வேண்டாம். எந்தப் படியில் நிற்கிறீர்கள் என்று பில்லில் பாருங்கள். ஒரு படி இறங்கினால் எவ்வளவு மிச்சம் என்று கணக்குப் பாருங்கள்.

ஆறு: கடையின் முதலில் கை வைக்க வேண்டாம், வட்டிக்கு எடுக்கவும் வேண்டாம். கடைச் செலவை வீட்டுப் பில்லில் ஒளிக்கவும் வேண்டாம். ஒளித்தால் எந்தச் சரக்கில் இலாபம், எதில் நட்டம் என்பது உங்களுக்கே தெரியாமல் போகும்.

ஏழு: இணக்கத்தை எழுத்தில் பெறுங்கள். பற்றுச்சீட்டுகளை ஒரு கொப்பியில் ஒட்டி வையுங்கள். ஒரு தவணை பிந்தும் என்று தெரிந்தால் திகதிக்கு முன்னரே போய்ச் சொல்லுங்கள்.

எட்டு: வீட்டாருக்குச் சொல்லுங்கள். நான் எட்டு மாதம் மறைத்த கணக்கை என் மகள் ஒரே இரவில் தீர்த்துக் காட்டினாள்.

அதன் பின்னர் 2024 ஜூலையிலும் 2025 ஜனவரியிலும் கட்டணம் குறைந்தது. 2025 ஜூனில் 15 வீதம் கூடியது. இனியும் ஏறும், இறங்கும். அது எமது கையில் இல்லை. ஆனால் அந்த பிஸ்கட் டின் இன்னும் எனது கல்லாப்பெட்டிக்குப் பக்கத்தில் இருக்கிறது. கடன் முடிந்த பிறகும் தினமும் அதில் காசு விழுகிறது. பில் வந்த மூன்றாம் நாளே கட்டிவிடுகிறோம்.

இன்றிரவு கடை பூட்டிவிட்டு வீட்டுக்குப் போனதும், கலண்டருக்குப் பின்னால் இருக்கும் பில்லை எடுத்து நிலுவை என்ற வரியை ஒருமுறை பாருங்கள். அங்கு ஏதாவது இலக்கம் இருந்தால், அதை வீட்டாரிடம் சொல்லிவிட்டு நாளைக் காலையே கந்தோருக்குப் போங்கள்.

இன்ஷா அல்லாஹ், அடுத்த வாரம் சந்திப்போம்.